ஆடியில் வாங்கிய மிக்ஸி

ஆகஸ்ட் 29, வியாழன்

வாங்கிய பொருளை இருபத்தொன்பது நாள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஏன் வைத்திருந்தீர்கள் என்று ஒரு பெண் இன்று தொலைபேசியில் கேட்டாள்.

மிக்ஸிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். பதினாறு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்தவள். பில்லில் ஜூலை 20 என்று இருக்கிறது. பதினான்கு நாளுக்குள் சொல்லியிருந்தால் கேள்வி கேட்காமல் புதிதாக மாற்றித் தந்திருப்பார்களாம்.

"ஆடி மாசம். அதனால பிரிக்கல."

"ஆடியா மேடம்? அது டெலிவரிப் பிரச்சினையா?"

நான் ஆடியை நம்புகிறவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். தள்ளுபடிக்காக வாங்கினேன், அவ்வளவுதான். ஆடியில் புதுச் சாமானைப் புழங்கக் கூடாது என்றது ஆவுடைத்தாய், என் தம்பி நயினாரின் மனைவி; மூவரும் ஒரே வீட்டில்தான். "வாங்குனது பெட்டியில இருக்கட்டும் மதினி. அடுப்படிக்கு ஆவணியில வரட்டும்" என்றாள். சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆவணி சனிக்கிழமை பிறந்தது. சனியும் ஆகாது. ஞாயிறு 18ஆம் தேதி பிரித்தோம். புதன் 21ஆம் தேதி மூடி பறந்தது.

ஆவுடைக்கு வலது கண். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

சிலிண்டர் பதிவு செய்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆவுடையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. கட்டை அவிழ்த்து நான்தான் விடுகிறேன். கண்ணின் கருவிழி பால் ஊற்றியது போல இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 21ஆம் தேதி காலை எட்டேகால். ஆவுடை தக்காளிச் சட்னி அரைத்தாள். மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளில் ஒன்று ஒடிந்தது. மூடி எகிறி, வதக்கிய தக்காளியும் மிளகாயும் முகத்தில் அடித்தன. நான் முன்னறையில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன்.

கொக்கி என்றால் நகத்தளவு பிளாஸ்டிக். முந்தின நாளே அதில் மயிரிழை விரிசல். ஆவுடை காட்டினாள். சனிக்கிழமை கடையில் காட்டலாம் என்று நான் சொன்னேன். மூன்று நாள் புழங்கியதில் விரிசல் விட்ட சாமான். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கடைக்குப் போனேன். ஜூலையில் பழச்சாறு கொடுத்து உட்காரவைத்த கடைக்காரர் இன்று நாற்காலி காட்டவில்லை.

"டீச்சர், நாங்க வித்துக் குடுக்குறவங்க. கம்பெனிக்குத்தான் எழுதணும்."

"கம்பெனி பதினாலு நாள்னு சொல்றாங்க."

"ஆடியில வித்தது பூரா ஆவணியிலதான் திரும்பி வரும், வருசா வருசம். கம்பெனிக்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. என்னைய என்ன செய்யச் சொல்லுதீய?"

"அப்ப விக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா யாரு வாங்குவா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கண்ணுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கண் டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். "நிழல் தெரியும். ஆள் வர்றது தெரியும். நூல் கோக்குறது கஷ்டம்" என்றார். ஆவுடை கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். பதினொரு வருடமாக, மணியும் ஜரிகையும். வெளியே வந்து, "ஒத்தக் கண்ணு போதும் மதினி, உங்க தம்பியப் பாக்குததுக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரிப் பதிவின் நகல் வாங்கினோம். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில், 'நோயாளி கவனக்குறைவாக மூடியைச் சரியாக மூடாமல் இயக்கியதால்' என்று இருக்கிறது. சொன்னவர்: கணவர்.

நயினார் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அன்று அவன் வேலையிலிருந்து நேராக வந்தான். வீட்டில் இல்லாதவன் எப்படிச் சொன்னான் என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மெஷினு தானா ஒடையாதுக்கா. முப்பது வருசமா பாக்கேன். ஓட்டுதவன் ஒழுங்கா இருந்தா வண்டி ஒழுங்கா இருக்கும்."

ஆவுடை கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு நஷ்டஈடு கிஷ்டஈடுல்லாம் வேண்டாம் மதினி. எந்தப்பு இல்லன்னு ஒரு தாள்ல யாராவது எழுதித் தரணும். அதுக்கு எங்க போகணும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள்

வழக்கறிஞர் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் அலுவலகம். நுகர்வோர் வழக்குகள் மட்டும் எடுக்கிறார். பில் என் பெயரில் இருப்பதால் முறையீட்டாளர் நான். ஆவுடை பயன்படுத்தியவர். சமையல் சாமானுக்கு ஆபத்து உண்டென்றால் அதைப் புழங்குகிறவருக்குப் புரியும்படி எழுதித் தருவதும் கம்பெனியின் கடமையாம்.

"கையேடு இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும் இருக்கு. நல்ல பாயிண்ட் மேடம். ஆவுடை எதுவரை படிச்சிருக்காங்க?"

"பத்தாவது. தமிழ் வழி."

"நீங்க கையேடு படிச்சீங்களா?"

"புரட்டிப் பார்த்தேன்."

"படிக்கலன்னே வெச்சுக்குவோம்."

நான் ஆடி விஷயத்தை விளக்கினேன். பெட்டி மூடியிருந்ததற்குப் பக்கத்து வீட்டாரின் சாட்சிக் கடிதம் வாங்கலாம் என்றேன். தமிழ் மாதத் தேதிகளையும் ஆங்கிலத் தேதிகளையும் ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தேன். ஜெசிந்தா அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தேவையில்ல மேடம்" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆவுடை ஆரி ஊசிகளுக்குப் பொட்டு வைத்தாள். ஒன்றில் பொட்டு ஊசியில் விழாமல் பலகையில் விழுந்தது.

அக்டோபர் 24, வியாழன்

விடைத்தாள் திருத்தம். நூற்று நாற்பது.

தீபாவளிக்குள் ரவிக்கை கேட்டிருந்த கடைசி ஆளும் துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார். பாதி வேலை முடிந்த துணி. "பரவால்ல ஆவுடை, ஒன்னால முடிஞ்சத செஞ்சிருக்க" என்று அந்தம்மாள் சொன்னது என் அறைவரை கேட்டது.

நவம்பர் 18, திங்கள்

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது பத்தி. அதில் எட்டு ஆடியைப் பற்றியவை. நான் வற்புறுத்திச் சேர்த்தவை. பன்னிரண்டாவது பத்தி: 'மேற்படி நிகழ்வின்போது நான் முன்னறையில் இருந்தேன்.' பதிமூன்று: 'சட்னிக்கான பொருட்கள் நன்கு ஆறிய பின்னரே அரைக்கப்பட்டன என அறிகிறேன்.'

'அறிகிறேன்' என்ற சொல்லை ஜெசிந்தா போட்டார். நான் மாற்றச் சொல்லவில்லை.

வீட்டில் ஆவுடைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் பத்திரத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று முடிந்ததும், "ஆறிய பின்னரா?" என்றாள்.

"வக்கீல் அப்படி எழுதியிருக்காங்க."

"படிச்சவங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

பிறகு அரிசி ஊறவைக்கப் போனாள்.

டிசம்பர் 9, திங்கள்

மழை. கல்லூரி விடுமுறை. நயினார் சந்தையிலிருந்து பழைய மிக்ஸி ஒன்று கொண்டுவந்தான். "இது எவன் ஓட்டுனாலும் ஒண்ணும் ஆகாது" என்று ஆவுடைக்குக் கேட்கும்படி சொன்னான்.

அவள் அதைத் தொடவில்லை. அம்மியில் அரைக்கிறாள். மிளகாய் தெறிக்கும்போது இடது கண்ணைப் புறங்கையால் மூடிக்கொள்கிறாள். மூடிக்கொண்டே அரைக்கிறாள்.

ஜனவரி 23, வியாழன்

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. பதினொரு பக்கம்.

ஆடியைப் பற்றி ஒரே வரி: முறையீட்டாளரின் மத நம்பிக்கைகளுக்கு எதிர்மனுதாரர் பொறுப்பல்ல. மீதிப் பத்துப் பக்கமும் வேறு. சூடான பொருளை ஜாரில் இட்டால் ஆவி அழுத்தத்தில் மூடி எகிறும். கையேட்டின் ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறோம். ஒடிந்த கொக்கியில் வெப்பத்தால் நெளிந்த தடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவே கவனக்குறைவு என்கிறது. அதைச் சொன்னவர் கணவர்.

நயினார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நான் சொன்னதத்தான அவனும் சொல்லுதான்? கொதிக்கக் கொதிக்கப் போட்டியா நீ?"

ஆவுடை ரசம் ஊற்றினாள்.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்."

"ஆமா. சூடாத்தான் இருந்துச்சு."

"பெறகென்ன. கண்ணையும் கெடுத்துக்கிட்டு, கோர்ட்டுக்கும் அலைய விடுதா. அக்காவுக்கு வேற வேலையில்லன்னு நெனச்சியா?"

அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு முன்னால் இருந்த சோறு அப்படியே இருந்தது. கல்லூரியில் தேர்வுக் குழுக் கூட்டம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். கூட்டம் நாளைதான்.

ஜனவரி 24, வெள்ளி

முன்னறை என்று எழுதியிருக்கிறேன். இஸ்திரிப் பெட்டி முன்னறையில்தான் இருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் எட்டேகாலுக்கு இஸ்திரி முடிந்திருந்தது. டிபன் டப்பா எடுக்க அடுப்படிக்கு வந்திருந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள் ஆவுடை. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சூடு இல்லாமல் இருந்தால் மூடி எகிறியிருக்குமா? விரிசல் விட்ட கொக்கி எப்படியும் ஒடிந்திருக்கும். அடுத்த நாளோ, அடுத்த வாரமோ. ஆறிய சட்னி என்றால் சேலையில் தெறித்திருக்கும். கண் போயிருக்காது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று மாணவிகளுக்குச் சொல்கிறவள் நான்.

கையேட்டை நான் புரட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டாம் தேதி ஞாயிறு மதியம், உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எதையும் அப்படித்தான் படிப்பேன். ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மதினி போட்டிருக்கு?" என்று கேட்டாள். எத்தனை வாட் என்று சொன்னேன். உத்தரவாதம் இரண்டு வருடம் என்று சொன்னேன். ஏழாம் பக்கம் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பேன்.

அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. எந்தக் கையேடும் படிக்காமலேயே.

மார்ச் 12, புதன்

நாளை விசாரணை. ஜெசிந்தா தொலைபேசியில் இரண்டு விஷயம் சொன்னார். பொருள் ஆறியிருந்ததா என்று கேட்டால், ஆறியிருந்தது. கையேடு படித்தீர்களா என்று கேட்டால், இல்லை. "வேற எதுவும் நீங்களா பேச வேண்டாம் மேடம். நாம ஜெயிக்க வேண்டிய கேஸ்."

நயினார் விடுப்புப் போட்டிருக்கிறான். ஆவுடை நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு அந்தத் தாளு கெடைச்சிருமா மதினி?"

"நாளைக்கே தர மாட்டாங்க. அப்புறம் அனுப்புவாங்க."

"அதுல என் பேரு போட்டு எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க."

"நல்லது."

அவள் போன பிறகு இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் 21, எட்டேகால். எனக்கு ஒன்பதரைக்கு முதல் வகுப்பு. தக்காளி வாணலியில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் ஆறட்டும் மதினி, கொக்கி வேற விரிசலா இருக்கு" என்றாள். நான் டப்பாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆறுற வரைக்கும் நிக்க முடியாது ஆவுடை. அப்படியே போடு" என்றேன். அவள் போட்டாள்.

தாள் கேட்டு அவள் முதன்முதலில் என் வாசலுக்கு வந்தது செப்டம்பர் 12. இன்றோடு சரியாக ஆறு மாதம். அதற்கு நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்.

நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 13, வியாழன்

காலை பத்தே முக்காலுக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

ஆணையத் தலைவர் கோப்பைப் புரட்டி முதலில் ஆடியைத்தான் எடுத்தார். "ஆடியில வாங்கி ஆவணியில பிரிச்சீங்க. எங்க வீட்லயும் போன வருசம் குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் ஒரு மாசம் கூடத்துல நின்னுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி வழக்கறிஞரும் சிரித்தார். எட்டுப் பத்தியும் அட்டவணையும் அரை நிமிடத்தில் முடிந்தன.

பிறகு கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"நீங்க பேராசிரியர். கையேடு படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேன்."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார்.

"சூடான பொருள் போடக் கூடாதுன்னு அதுல இருக்கா?"

"இருக்கு. நான் அதை ஆவுடைகிட்ட சொல்லல. அன்னைக்குக் காலையில அவ ஆறட்டும்னு சொன்னா. நான் நேரமாகுதுன்னு சூடாவே போடச் சொன்னேன். நான் அடுப்படியிலதான் நின்னேன். பிரமாணப் பத்திரத்துல இருக்குறது தப்பு."

கம்பெனி வழக்கறிஞர்தான் முதலில் பேசினார். "ஐயா, பொருள் சூடா இருந்துச்சுங்கறதைப் பதிவு பண்ணிக்கணும்."

தலைவர் தட்டச்சருக்குச் சொன்னார்: 'பொருட்கள் சூடாக இருந்தபோதே பயன்படுத்துபவரான ஆவுடைத்தாய் அவற்றை ஜாரில் இட்டு இயக்கினார் என முறையீட்டாளர் ஒப்புக்கொள்கிறார்.'

"நான் சொன்னதனாலன்னு சேர்க்கணும்" என்றேன்.

"யார் சொல்லி நடந்துச்சுங்கறது உங்க குடும்ப விஷயம் மேடம். மிக்ஸிய இயக்கினது யாரு?"

"ஆவுடை."

"அதைத்தான் எழுதியிருக்கு."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். உத்தரவு ஏப்ரலில்.

வெளியே ஜெசிந்தா, "கொக்கி விரிசலை வெச்சு ஜெயிச்சிருப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். நயினார் ஆட்டோ பிடித்தான். ஆட்டோவில் ஆவுடையிடம் சொன்னான்:

"பாத்தியா. எங்க அக்கா ஒனக்காகக் கோர்ட்ல போய் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா. அவ்ளோ படிச்சவ. இனிமேயாவது கவனமா இரி."

"பழி இல்ல நயினார். நடந்தது அதுதான்" என்றேன்.

"சரிக்கா, சரி. எனக்குத் தெரியாதா ஒன்னய."

மறுபடியும் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். ஆவுடை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது அந்தக் கண் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் நான் சொன்னதை எல்லாம் எழுதினேன். அவள் பெயர் போட்டு எழுதினேன். தேதி போட்டு, கையெழுத்திட்டு, அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுவதும் வாசித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிருந்தீங்கன்னா டாக்டர் எழுதியிருப்பாருல்லா மதினி?"

"எழுதியிருப்பார்."

"இப்பம் இதக் கொண்டு உங்க தம்பிகிட்ட காட்டுனா, நான் அழுது எழுதி வாங்குனேம்பாவ."

தாளை மடித்து என் கையில் திரும்பக் கொடுத்தாள். கோபம் மாதிரித் தெரியவில்லை. மாவில் உப்புப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

ஏழரைக்கு மூன்று பேருக்கும் தோசை ஊற்றினாள். சட்னி இல்லை. பொடி வைத்தாள். எனக்கு நல்லெண்ணெய் ஊற்றியபோது எண்ணெய் பொடிக்கு ஓரமாக, தட்டுக்கு வெளியே விழுந்தது. நயினார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பாத்து ஊத்து" என்றான்.

"பாத்துதான் ஊத்துனேன்" என்றாள்.

நான் துடைத்தேன்.